கரையில் பின்னால் வந்தவர்

“...அதனால புள்ளைய முதல்ல அனுப்பி விடுங்க அண்ணாச்சி. வெயில் ஏறுததுக்கு முந்தி வீடு போய்ச் சேரட்டும். அது சொல்லுதது சரிதான். எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என்னைய என்ன கேக்கணுமோ, அது போன பெறவு கேளுங்க.”

இப்படிச் சொன்னவர் என் சித்தப்பா. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. அவர் சொன்ன அந்தப் புள்ளை நான்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெரிய லீவு. ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன்.

நம்ம செட்டு ஆட்கள் நாலு பேர் கூடினால் சைக்கிள் பேச்சு வராமல் இருக்காது. அரைப்பெடல் போட்டது, கீழே விழுந்து முட்டி பேர்ந்தது, வாடகை சைக்கிளை நேரத்துக்கு விடாமல் திட்டு வாங்கினது என்று எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லிச் சிரிப்போம். என் முறை வரும்போது நான் காபி போட எழுந்து போய்விடுவேன். கவனித்திருப்பீர்கள். இப்போ தலைக்குச் சாயம் போடுகிற வயசும் வந்தாச்சு. இனிமேலும் அடுக்களைக்குள் ஒளிய முடியாது. சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில். வடக்கே பாபநாசம் ரோடு, தெற்கே கால்வாய். ரோட்டில் போட்டி போட்டுக்கொண்டு ஓடுகிற பஸ், மணல் லாரி, கரும்பு டிராக்டர். பெண்பிள்ளைகள் ரோட்டில் சைக்கிளை எடுக்கவே கூடாது என்பது எல்லா வீட்டிலும் சட்டம். கால்வாய்க்கரைக்கு அந்தச் சட்டம் கிடையாது. கரையில் மாட்டு வண்டிகூட அபூர்வம். ரெண்டு பக்கமும் மருத மரம், பனை, அங்கங்கே ஒரு கல் மதகு, பெண்கள் குளிக்கிற படித்துறை. மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் வயல். நடுவில் சைக்கிள் டயர் அகலத்துக்கு வெள்ளை வெளேர் என்று ஓர் ஒற்றையடித் தடம்.

சித்தப்பா அந்த வருஷம்தான் பம்பாயிலிருந்து திரும்பியிருந்தார். அவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். கல்யாணம் ஆகாத ஆள். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பழைய பத்திரிகைத் தாளுமாக வந்து சேர்ந்தார். அந்தத் தாளில் ஏதோ வெள்ளைக்கார தேசத்துக் கால்வாய்ப் படம். கரையோரம் ஆணும் பெண்ணுமாக, கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறார்கள். ஒரு பஸ் இல்லை, லாரி இல்லை.

“பாத்தியாட்டி? நாள்கணக்கா இப்படியே போவாங்களாம். சும்மா, ஊர் பாக்க. முக்குக்கு முக்கு அம்புக்குறி போட்டு வழி காட்டியிருப்பானாம். நம்மகிட்ட கரை இருக்கு, மரம் இருக்கு, தண்ணி இருக்கு. அம்புக்குறிதான் இல்ல.”

சைக்கிள் கடை அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அம்புக்குறி போட்டா நம்மூர்க்காரன் அந்தப் பக்கமா போவான்? எவன் போட்டான்னு தேடிக்கிட்டு எதிர்ப்பக்கமாத்தான் போவான்.” அந்த அண்ணாச்சி பேசினால் நான் நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எவ்வளவு தூரம் பலிக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மேற்கே அணைக்கட்டில் கால்வாய் பிரிகிற இடத்திலிருந்து கிழக்கே அது போய் விழுகிற கடைசிக் குளம் வரைக்கும் சைக்கிளுக்கு ஒரு வழி. இதுதான் சித்தப்பாவின் திட்டம். கோடை ஆனதால் கால்வாயில் தண்ணீரை அடைத்திருந்தார்கள். ஜூனில்தான் கார் நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள். அதற்குள் வழியைக் குறித்துவிட வேண்டும். தண்ணீர் திறக்கிறதற்கு முந்தின சனி ஞாயிறு பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அணைக்கட்டில் கிளம்பி, நடுவில் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கி, கடைசிக் குளத்தில் போய் இறங்க வேண்டும். ஹெட்மாஸ்டர் சரி என்றார். பத்துப் பேரும் சேர்ந்துவிட்டார்கள்.

பட்டியலில் முதல் பேர் கீழத்தெரு அக்காவுடையது. பத்தாம் வகுப்பு எழுதியிருந்தாள். மேலே படிக்க டவுன் பள்ளிக்கூடம் போக வேண்டும். “பஸ்ஸுல நசுங்கிக்கிட்டு நீ படிச்சுக் கிழிக்க வேண்டாம்” என்று அவளுடைய அப்பா ஒரே பிடியாக நின்றார். சித்தப்பா போய் அவரையே கரையில் ஒரு நடை சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். திரும்பி வந்து அந்த மனுஷர் சொன்னாராம்: “இந்த வழின்னா போகட்டும். இதுல எதுக்க வாரதே கொக்கு ஒண்ணுதான்.”

வழியை அளக்க சித்தப்பாவிடம் கருவி எதுவும் இல்லை. என் சின்ன சைக்கிளின் முன்சக்கரக் கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினார். கயிறு வைத்து அளந்து பார்த்தோம், ஒரு சுற்றுக்கு அஞ்சே கால் அடி. அறுநூற்று இருபத்தஞ்சு தடவை துணி மேலே வந்தால் ஒரு கிலோமீட்டர். நான் முன்னால் எண்ணிக்கொண்டே ஓட்ட வேண்டும். அவர் சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாகப் பின்னாலேயே வருவார். நான் கை தூக்கின இடத்தில் மதகுக் கல்லோ மரமோ எது இருந்தாலும் ஓர் அம்புக்குறியும் கீழே எண்ணும் எழுதுவார். நான் முன்னால், அவர் பின்னால். அந்த லீவு முழுக்க அப்படித்தான் போனோம்.

எண்ணி எண்ணி என் வாயெல்லாம் நம்பராக இருக்கும். சருகு மேல் டயர் போகிற சத்தம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி. வற்றின கால்வாயிலிருந்து சேறும் பாசியும் காய்கிற வாடை. குட்டையில் மிஞ்சின தண்ணீரில் கெண்டை துள்ளும். படித்துறைக்கு நேரே மணலில் வருஷம் முழுக்க ஊர் தொலைத்ததெல்லாம் கிடக்கும். ஒற்றை மெட்டி, பல்லுப் போன சீப்பு, சாவி இல்லாத பூட்டு, அடி நசுங்கின பித்தளை டம்ளர். சித்தப்பா ஒவ்வொன்றையும் கழுவிப் பனைநாரில் கோத்துத் துறைக்குப் பக்கத்து மரத்தில் கட்டுவார். “தேடிக்கிட்டு இருக்கவ கண்ணுல படட்டும்ட்டி.” படித்துறை வருகிறதற்கு நூறடி முன்னாலேயே பெல் அடித்து இறங்கி, தலையை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு உருட்டிப் போவார். அப்படிப்பட்ட மனுஷர்.

இப்போ நினைத்தால் எங்க வீட்டில் ஒருத்தருக்காவது அது உறைத்திருக்க வேண்டும். எங்க பக்கத்தில் கல்லில் அம்புக்குறி என்றால் ஒரே அர்த்தம்தான். சர்வேக் கல். அளந்துவிட்டான், எடுக்கப் போகிறான். கால்வாய்க்கரை முழுக்கப் புறம்போக்கு. வாழை ரெண்டு வரிசை கரையில் ஏறியிருக்கும், தொழுவம் ஒன்று சரிவில் இருக்கும், தென்னை நின்றுகொண்டிருக்கும். தலைமுறையாக வைத்திருக்கிறவர்கள் திடீரென்று சிவப்பு அம்பு முளைத்தால் சும்மா இருப்பார்களா? என் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். அவருக்குத் தெரியாத சர்வேக் கல்லா? ஆனால் தம்பி செய்கிற எதையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. “பெயிண்ட் அடிக்கானா? அடிக்கட்டும். சும்மா இருக்கதுக்கு அது தேவலை.”

எங்களுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. போட்ட அம்புகளை ஊரில் சாணி வைத்து மெழுகிவிட்டிருந்தார்கள். ஓர் ஊரில் ஒருத்தர் தன் தொழுவத்துக் கல்லில் இருந்ததைச் சுரண்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கல்லில் அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று வரைந்து வைத்திருந்தார். எண் முதற்கொண்டு. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்னைய விட நல்லா வரைஞ்சிருக்கான்ட்டி!” அப்புறம் சுரண்டின அந்தக் கல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் கிளம்பும்போது மட்டும் சொன்னார்: “யாரு கேட்டாலும் அப்பா ஆபீஸைப் பத்திப் பேசாத. வேற என்ன வேணும்னாலும் சொல்லு.”

அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது நாலாவது பாலம். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை, எதிரே பெரிய தென்னந்தோப்பு. அந்தத் தோப்பு வீட்டுப் பிள்ளை என் வகுப்பு. வகுப்பிலேயே அவள்தான் வாட்ச் கட்டியிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார இடம் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளிடம் என் சித்தப்பா பம்பாயில் என்ஜினீயர், கம்பெனிக் காரில்தான் போவார் வருவார் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தக் காருக்கு ஒரு கலர்கூடச் சொல்லியிருந்தேன். வெந்தயக் கலர்.

நான் கை தூக்கினேன். சித்தப்பா இறங்கிப் பாலத்துக் கல்லில் பிரஷை வைத்தார். டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். முன்னால் வெள்ளை வேட்டியில் வந்தவர் தோப்புக்காரர், அவளுடைய அப்பா.

“யாருவே நீரு? எந்த ஆபீஸு?”

“ஆபீஸெல்லாம் இல்ல அண்ணாச்சி. சைக்கிள் போறதுக்கு வழி குறிக்கேன்.”

“சைக்கிளுக்கு வழியா? இம்புட்டு நாளும் அது வழி தெரியாம அழுதுக்கிட்டா நின்னுது?”

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். “இல்ல அண்ணாச்சி, வெளியூர் ஆளுக வந்து காத்தாட, சும்மா...”

“சும்மாவா?” டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வந்தார். “ஏலே, கேட்டியளா? வேகாத வெயில்ல சும்மா சைக்கிள் விடப் போறானுவளாம். அதுக்கு இவரு தர்மத்துக்கு அம்பு போடுதாராம். நம்ம நெத்தியில என்னமும் எழுதி ஒட்டியிருக்கால?”

“என் தென்னை நாலு வரிசை கரையில நிக்கி. எங்க அய்யா வச்சது. அதை எடுக்கணும்னு எவன் சொன்னான்? பேரைச் சொல்லும். ஆபீஸைச் சொல்லும்.” தோப்புக்காரர் குரல் ஏறவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அப்போதான் தோப்பு வாசல் படலைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். “எப்பா, இவ எங்க கிளாஸ்” என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்தாள். அழுக்குக் கைலி, அதில் சிவப்புச் சொட்டு, கிழிந்த முண்டா பனியனுக்கு மேல் பொத்தான் போடாத சட்டை, காலில் டயர்ச் செருப்பு, கண்ணில் சோடாப்புட்டிக் கண்ணாடி. மேலிருந்து கீழே பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

தோப்புக்காரர் என் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீ சொல்லு. இவரு உனக்கு என்ன வேணும்?”

“தெரியாது” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். “கரையில என் பின்னாலயே வந்துக்கிட்டு இருந்தாரு.”

“எங்க இருந்து?”

“எங்க ஊர்ல இருந்தே.”

முதல் சொல்தான் பொய். மற்ற ரெண்டும் சத்தியம். அந்த ரெண்டு சத்தியமும் சேர்ந்து என்ன ஆகும் என்று பன்னிரண்டு வயசில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே என்னமோ மாறிப்போனது தெரிந்தது. சிரித்துக்கொண்டு நின்ற முகங்கள் ஒரே நேரத்தில் கல்லாயின. தென்னையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஒருத்தர் மடித்துக் கட்டின வேட்டியை இன்னும் இறுக்கினார். தோப்புக்காரர் மகளைத் தோளைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். யாரும் இல்லாத கரையில் ஒரு சின்னப் பிள்ளைக்குப் பின்னால் ஒருத்தன் ஊரிலிருந்தே வந்திருக்கிறான். அவர்களுக்கு அதுக்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பா ‘இவ என் அண்ணன் மக’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் பொய்க்காரியாக அவள் முன்னால் நின்றிருப்பேன், அவ்வளவுதான். அண்ணன் யார் என்று அடுத்த கேள்வி வரும், தாலுகா ஆபீஸ் என்று பதில் போகும். அதுக்காகத்தான் சொல்லவில்லை என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் அந்த நேரத்தில் யோசித்தது ஆபீஸை இல்லை. என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். ரெண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார். அப்புறம்தான் தோப்புக்காரரிடம், நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சைப் பேசினார்.

தோப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவை எனக்குத் துணைக்கு அனுப்பினார்கள். அடுத்த பாலம் வரைக்கும் அவர் என் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். “பயப்படாத தாயி. இனிமே ஒண்ணும் இல்ல. நல்ல புள்ள, வாயத் தொறந்து சொல்லிட்ட. எத்தன புள்ளைக சொல்லாம இருக்குதுக தெரியுமா?” என்றார். அந்தப் பாராட்டு முப்பது வருஷமாக என் காதில் இருக்கிறது.

சித்தப்பா சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு வந்தார். சைக்கிள் தோளில் இருந்தது. முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. உதடு வீங்கி, ஒரு காதில் ரத்தம் காய்ந்திருந்தது. “மதகுல சறுக்கி விழுந்துட்டேன் மதினி” என்றார். அம்மா மஞ்சள் குழைத்துக் கொடுத்தாள். அவர் என் பக்கம் திரும்பி, “சாப்பிட்டியாட்டி?” என்றார். தலையை ஆட்டினேன்.

மூணு நாளில் செய்தி எங்க ஊருக்கு வந்துவிட்டது. ஆள் பேர் இல்லாமல், அம்புக்குறிப் பேச்சும் இல்லாமல் வந்தது. அதுதான் நான் பட்ட பெரிய அடி. சித்தப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: “கேட்டீயளா கொழுந்தனாரே? கால்வாய்க்கரையில எவனோ ஒரு கழிசடை பொம்பளப் புள்ளைக பின்னாலயே வாரானாம். நாலாவது பாலத்துல பிடிச்சு நல்லா குடுத்திருக்காங்க. அவன் கை விளங்குமா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “ஆமா மதினி. இனிமே புள்ளைகளைப் பாத்துத்தான் அனுப்பணும்.”

நான் அடுக்களை நிலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், அடிபட்டவரும் இருந்தார். மோர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பத்துப் பிள்ளைகளின் வீட்டிலிருந்தும் ஒவ்வொருத்தராக வந்து வேண்டாம் என்று சொன்னார்கள். கடைசியில் சித்தப்பாவே ஹெட்மாஸ்டரிடம் போய், இப்போதைக்கு இல்லை சார் என்று சொல்லிவிட்டு வந்தார். “எதையாவது முழுசா முடிச்சிருக்கானா இவன்?” என்றார் அப்பா. அதை அப்பா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

ஜூனில் தண்ணீர் வந்தது. கரையில் ஒரு பெண்பிள்ளை சைக்கிள்கூட ஓடவில்லை. கீழத்தெரு அக்கா நல்ல மார்க் எடுத்திருந்தாள். அவளுடைய அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “அந்த வழியும் இல்லன்னு ஆயிட்டு.” பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அவள் மடியில் பீடித்தட்டு இருந்தது. இலை வெட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, “எட்டு வந்துட்டியா? நல்லாப் படி” என்றாள்.

சித்தப்பா வள்ளியூரில் ஓர் அரிசி மில்லில் வேலை கிடைத்துப் போனார். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். ஒரே ஒரு தடவை, எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அவரோடு தனியாக நின்றேன். “சித்தப்பா, அந்த நாலாவது பாலத்துல...” என்று ஆரம்பித்தேன். “பஸ் வந்துட்டு, ஏறுட்டி” என்றார். பஸ் வரவே இல்லை. ரோடு காலியாகத்தான் கிடந்தது. அவர் தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது.

ஆபீஸைப் பற்றிப் பேசாதே என்று அவர்தானே சொன்னார், அதனால்தான் தெரியாது என்றேன் என்று எனக்கு நானே ஒரு கதை வைத்திருந்தேன். நல்ல கதை. ரொம்ப நாள் தூங்க வைத்தது. ஆனால் அன்றைக்கு என் மனசில் ஆபீஸும் இல்லை, அப்பாவும் இல்லை. இல்லாத ஒரு வெந்தயக் கலர் கார் இருந்தது, அவ்வளவுதான்.

மறக்காமல் இருப்பது, பாலத்தில் அதற்கு அடுத்து நடந்தது. என்னை அனுப்பிவிடச் சொல்லி அவர் பேசி முடித்தார். புல்லறுக்கிற அம்மா என் கேரியரைப் பிடித்தார். நான் ஏறப் போகிறவள் ஒருதடவை திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா டப்பாவைக் கல் மேல் சரியாமல் வைத்தார். பிரஷை அதன் குறுக்கே வைத்தார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். பிறகு, கழற்றினால் பத்தடிக்கு அப்பால் ஆளே தெரியாத அந்த மூக்குக்கண்ணாடியை மெதுவாகக் கழற்றி, அதன் ரெண்டு கம்பியையும் மடக்கி, சட்டைப் பைக்குள் போட்டுப் பையின் பொத்தானை மாட்டினார்.